ஹைட்ரஜனுக்கு மட்டுமே இடம்: கொலாஜன் முப்புரியின் வேதியியல்

ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால், கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக உறைந்திருக்கும். அடுப்பில் வைத்தால் சற்று நேரத்தில் பழையபடி நீராக இளகிவிடும். கொழுப்பு உறைந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கொழுப்பு மேலே தனி ஏடாக வெள்ளையாக நிற்கும். அதற்குக் கீழே தளதளவென்று ஆடுவது புரதம். ஆட்டின் தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு எல்லாவற்றிலும் இருந்த கொலாஜன் மணிக்கணக்கில் வெந்து, கட்டவிழ்ந்து, ஜெலட்டினாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

வேகவைப்பதற்கு முன் அதே தசைநாணைக் கையால் பிய்க்க முடியாது. கத்தி வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். வெந்த பிறகு விரலால் நசுக்கிவிடலாம். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் அணுக்களில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நீளமான சங்கிலிகள் சில இடங்களில் அறுந்திருக்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலான அணுக்கள் முன்பு எந்த அணுவோடு இணைந்திருந்தனவோ அதே அணுவோடுதான் இப்போதும் இணைந்திருக்கின்றன. அவை நின்ற ஒழுங்கு மட்டும் போய்விட்டது. உயிரியல் பெருமூலக்கூறுகளைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், இதைத்தான் சொல்வேன்: எந்த அணு எங்கே நிற்க முடியாது என்பதுதான் அவற்றின் வடிவத்தைப் பெருமளவு முடிவு செய்கிறது. வடிவம் குணத்தை முடிவு செய்கிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டும் மூலக்கூறு கொலாஜன். அந்தத் தெளிவு பிறந்த இடங்களில் முக்கியமானது சென்னை.

சிறு துண்டுகள், நீண்ட சங்கிலி

புரதம், டி.என்.ஏ., மாவுச்சத்து ஆகிய மூன்றுமே ஒரே உத்தியில் கட்டப்பட்டவை. சிறு மூலக்கூறுகளை வரிசையாகக் கோக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். ஜீரணம் என்பது இதன் எதிர்த்திசை: தண்ணீரைப் புகுத்தி இணைப்பை வெட்டுவது. இணைப்பின் திசை கொஞ்சம் மாறினாலும் கதை மாறிவிடும். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிகள்தான். ஒன்றில் இணைப்பு ஆல்ஃபா வகை, மற்றதில் பீட்டா வகை. ஆல்ஃபா இணைப்பில் சங்கிலி சுருண்டு போகிறது, பீட்டா இணைப்பில் நேராக நீண்டு பக்கத்துச் சங்கிலியோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. முன்னதை நம் உமிழ்நீரே வெட்டத் தொடங்கிவிடும். பின்னதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை.

புரதத்துக்கு வருவோம். அதன் துண்டு அமினோ அமிலம். நடுவில் ஒரு கரி அணு. அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி, இன்னொரு பக்கம் கார்பாக்சில் தொகுதி, மூன்றாவதாக ஒரு ஹைட்ரஜன், நான்காவதாக ஒரு பக்கக்கிளை. புரதங்களில் வழக்கமாக வரும் 20 அமினோ அமிலங்களும் இந்தப் பக்கக்கிளையில்தான் வேறுபடுகின்றன. அவற்றில் இரண்டு பேர்வழிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கிளைசினின் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. இருப்பதிலேயே சிறியது. புரோலினின் பக்கக்கிளையோ வளைந்து வந்து தன் சொந்த நைட்ரஜனையே பிடித்து, ஐந்து அணு வளையமாக மூடிக்கொள்கிறது. அதனால் புரோலின் விறைப்பானது, நினைத்தபடி திரும்பாது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரோலினும் அதிலிருந்து உருவாகும் ஹைட்ராக்ஸிபுரோலினும்.

இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைட் பிணைப்பையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கரிக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான சாதாரண ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.47 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). பெப்டைட் பிணைப்பில் அது சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம்தான். பக்கத்தில் உள்ள ஆக்சிஜனோடு எலக்ட்ரான்களைப் பகிர்வதால், இந்தப் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி நடந்துகொள்கிறது. இரட்டைப் பிணைப்பைத் திருக முடியாது. ஆக, அதைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் தட்டையாகப் படுத்துவிடுகின்றன. லைனஸ் பாலிங் இதை வலியுறுத்தி, 1951-ல் தன் கூட்டாளிகளோடு, புரதச் சங்கிலி சுருள்படிக்கட்டு போலச் சுற்றும் ஆல்ஃபா சுருள் வடிவத்தை முன்வைத்தார்.

ஆகவே புரதச் சங்கிலி என்பது தட்டையான துண்டுகளின் தொடர். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் உள்ள கரி அணுவில் மட்டும் இரண்டு திருகல்கள் சாத்தியம். அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். சங்கிலியில் உள்ள ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இந்த இரண்டு எண்களைச் சொல்லிவிட்டால், அந்தப் புரதத்தின் முதுகெலும்பு முழுவதையும் வரைந்துவிடலாம்.

கிண்டியில் நடந்தது

ஜி. என். ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சி. வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னது ராமச்சந்திரனுக்குப் பொறி தட்டியது.

எக்ஸ் கதிரை ஒரு கொலாஜன் இழை வழியாகச் செலுத்தினால், பின்னால் வைத்த ஃபிலிமில் புள்ளிகளும் வில்களும் விழும். அவற்றின் இடைவெளியை அளந்து, உள்ளே அணுக்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ராமச்சந்திரனுக்கும் அவரது சகா கோபிநாத் கர்த்தாவுக்கும் கிடைத்த பெரிய துப்பு வேதியியலிலிருந்து வந்தது: கொலாஜன் எந்த விலங்கிலிருந்து வந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஏன் சரியாக மூன்றில் ஒன்று? ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் மட்டுமே பொருந்தக்கூடிய ஏதோ ஒரு நெருக்கடி அங்கே இருக்க வேண்டும். அப்படியானால் மூன்று சங்கிலிகள் சேர்ந்து நிற்கின்றன, கிளைசின்கள் உட்புறம் பார்த்து நிற்கின்றன. இந்த யோசனையை 1954-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தினார்கள்: மூன்று சங்கிலிகளும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நிற்கவில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார்கள். மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். இழுக்கும்போது ஒரு முறுக்கு அவிழப் பார்த்தால் மற்ற முறுக்கு இறுகும். கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் தனியாக இடப்பக்கம் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுகுகின்றன.

அதே 1955-ன் இறுதியில் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். முச்சுருள் என்ற அடிப்படையில் இரண்டு மாதிரிகளுக்கும் வேறுபாடில்லை. சண்டை ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில்தான்; ஒரு சங்கிலியின் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன் பக்கத்துச் சங்கிலியின் ஆக்சிஜனை லேசாகப் பிடித்துக்கொள்வதுதான் இந்தப் பிணைப்பு. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு பிணைப்பு என்றது சென்னை மாதிரி. ஒன்றுதான் என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். உங்கள் மாதிரியில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்கும் அளவைவிட நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு.

இந்தக் குற்றச்சாட்டை ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட விதம்தான் என்னை மிகவும் கவர்வது. சரி, நெருங்கலாம் என்பதற்கும் நெருங்கக் கூடாது என்பதற்கும் கோடு எங்கே என்று கேட்டார். அதுவரை வெளியான சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளை எல்லாம் அலசி, எந்த அணுவும் எந்த அணுவும் நிஜத்தில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று தன் குழுவோடு தொகுத்தார். பிணைப்பில்லாத இரண்டு கரி அணுக்களுக்குச் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிக நெருங்கினால் 3.0. இரண்டு ஹைட்ரஜன்களுக்கு 2.0, மிக நெருங்கினால் 1.9. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள் கிடைத்தன.

பிறகு ஃபை, சை கோணங்களை ஒவ்வொரு படியாக மாற்றி, எந்தச் சேர்க்கையில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, எதில் முட்டாமல் நிற்கின்றன என்று கணக்குப் போட்டார்கள். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் இருக்கிறது. ஃபை ஓர் அச்சு, சை ஓர் அச்சு. சாதாரண அமினோ அமிலத்துக்குப் படத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு தடைசெய்யப்பட்ட நிலம். மிச்சமிருக்கும் சில தீவுகளில்தான் ஆல்ஃபா சுருளும், சங்கிலிகள் பக்கம் பக்கமாக நீண்டு நிற்கும் பீட்டா விரிப்பும், கொலாஜன் சுருளும் உட்கார்ந்திருக்கின்றன. கிளைசினின் பக்கக்கிளை வெறும் ஹைட்ரஜன் என்பதால் அதற்கு நிலம் அதிகம். புரோலினுக்கு ஃபை கோணமே பூட்டப்பட்டுவிட்டதால் மிகக் குறைவு.

அணு அளவில் அமைப்பு தெரிந்த புரதம் என்று கைவிரலில் எண்ணக்கூட இல்லாத காலத்தில் இந்தப் படம் வந்தது என்பதை மறக்கக் கூடாது. தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதமான மயோகுளோபினின் அமைப்பு அப்போதுதான் வெளியாகியிருந்தது. அதன்பின் வந்த ஆயிரக்கணக்கான புரதங்கள் அதே தீவுகளுக்குள் வந்து விழுந்தன. இன்றைக்கும் யாராவது ஒரு புதிய புரத அமைப்பை உலகப் புரதத் தரவு வங்கியில் சேர்த்தால், அதன் தர அறிக்கையில் இந்த வரைபடத்துக்கு வெளியே விழும் அமினோ அமிலங்கள் எத்தனை சதவீதம் என்பது ஒரு வரியாக நிற்கும். அதிகமாக விழுந்தால் மாதிரியில் எங்கோ தவறு என்று பொருள்.

ஹைட்ரஜன் பிணைப்புச் சண்டைக்கு 1994-ல் பதில் கிடைத்தது. கொலாஜனைப் போன்ற ஒரு சிறு பெப்டைடைப் படிகமாக்கி ஹெலன் பெர்மனும் பார்பரா பிராட்ஸ்கியும் அவர்களது குழுவினரும் அணு அளவில் பார்த்தார்கள். சங்கிலிகளுக்கிடையே நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. அந்த விஷயத்தில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே சரி. முச்சுருளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போட்டு நிற்பதும் அதே படிகத்தில் தெரிந்தது. நேரடியாக எட்டாத இடத்தில் தண்ணீர் நடுவில் நின்று பிணைக்கும் என்று ராமச்சந்திரன் 1968-லேயே எழுதியிருந்தார்.

நடுவில் எவ்வளவு இடம்?

முச்சுருளின் உள்ளே நுழைந்து பார்ப்போம். மூன்று சங்கிலிகளும் ஓர் அமினோ அமில அளவு முன்பின்னாக விலகி நிற்கின்றன. அதனால் அச்சு வழியே மேலிருந்து கீழாக வந்தால், ஒவ்வொரு மட்டத்திலும் ஏதாவது ஒரு சங்கிலியின் கிளைசின் நடுவை எட்டிப் பார்க்கும். முதல் சங்கிலியுடையது, அடுத்து இரண்டாவது, அடுத்து மூன்றாவது, மறுபடி முதலாவது. ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் சற்றுக் குறைவான தூரம். கிளைசினின் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன், பக்கத்துச் சங்கிலியின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. மற்ற இரண்டு அமினோ அமிலங்களும் வெளியே பார்த்து நிற்கின்றன. அவற்றின் பக்கக்கிளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் மட்டும் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் இடம்.

ஒவ்வொரு சங்கிலியும் ஏறக்குறைய 1000 அமினோ அமிலம் நீளம். அதாவது 300-க்கும் மேற்பட்ட கிளைசின்கள், ஒன்றுகூட விட்டுப்போகாமல். முழு மூலக்கூறும் 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன்.

அந்த முந்நூறு சொச்சம் கிளைசின்களில் ஒன்று மாறினால்? மரபணுவில் ஓர் எழுத்து மாறி, கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் செரீனோ சிஸ்டீனோ வந்துவிட்டால், அதன் பக்கக்கிளைக்கு நடுவில் இடம் கிடையாது. 1994-ல் பார்க்கப்பட்ட அந்தப் படிகத்திலேயே இது தெரிந்தது. அந்தப் பெப்டைடில் நடுவே ஒரு கிளைசினுக்குப் பதில் அலனைனை வைத்திருந்தார்கள். ஹைட்ரஜனுக்குப் பதில் ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கரி, மூன்று ஹைட்ரஜன்), அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்து, சங்கிலிகள் விலகி, நேரடிப் பிணைப்பு அறுந்து, இடையில் தண்ணீர் புகுந்திருந்தது.

மனிதரில் இது எலும்பு நொறுங்கு நோயாக வெளிப்படுகிறது. தவழும் குழந்தைக்கே எலும்பு முறியும். சிலருக்குக் கருப்பையிலேயே முறிந்துவிடும். வெண்விழியின் கொலாஜன் மெலிந்து, உள்ளே இருக்கும் அடுக்கு தெரிவதால் கண் நீலம் பாய்ந்து காணப்படுவதும் உண்டு. சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று இப்படி என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இந்த நோயில் ஒரு கணக்கு இருக்கிறது. எலும்பிலும் தோலிலும் உள்ள முதல் வகைக் கொலாஜனில் இரண்டு சங்கிலிகள் ஆல்ஃபா-1, ஒன்று ஆல்ஃபா-2. ஆல்ஃபா-1 மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று பழுதானது என்று வைத்துக்கொள்வோம். செல் தயாரிக்கும் ஆல்ஃபா-1 சங்கிலிகளில் பாதி நல்லவை, பாதி கெட்டவை. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு வேண்டும். இரண்டுமே நல்லதாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஆக, பாதி சங்கிலி கெட்டால் முக்கால்வாசி மூலக்கூறுகள் கெட்டுவிடுகின்றன. அதே மரபணு நகல் சுத்தமாக வேலை செய்யாமல் போய், சங்கிலியே உற்பத்தியாகாமல் இருந்தால் கொலாஜனின் அளவு பாதியாகும். ஆனால் கிடைக்கும் அந்தப் பாதி முழுக்க நல்லது. அந்த நோயாளிகளுக்கு நோய் பெரும்பாலும் லேசாகவே இருக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடி வேலை செய்யும் இடத்தில், இல்லாத சங்கிலியைவிடக் கோணலான சங்கிலி அதிகக் கேடு செய்கிறது.

பழுது எங்கே என்பதும் முக்கியம். மூன்று சங்கிலிகளும் கார்பாக்சில் முனையில் முதலில் கோத்துக்கொண்டு, அங்கிருந்து எதிர்முனை நோக்கி முறுகிக்கொண்டே போகின்றன. சாதாரண நிலையிலேயே இந்த வேலை மெதுவானது. புரோலினுக்கு முன்னால் உள்ள பெப்டைட் பிணைப்பு சில சமயம் தவறான பக்கம் திரும்பி நிற்கும், அதைத் திருப்பிவிட்டால்தான் முறுக்கு அதைத் தாண்டிப் போகும். இதற்கென்றே செல்லில் நொதிகள் உண்டு. கெட்ட கிளைசின் இருக்கும் இடத்தில் முறுக்கு நீண்ட நேரம் தடைபடுகிறது. அந்தத் தாமதத்தில், இன்னும் முறுகாமல் அவிழ்ந்து கிடக்கும் மீதிப் பகுதியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்கள் மீது மற்ற நொதிகள் அளவுக்கு மிஞ்சி ஹைட்ராக்சில் தொகுதிகளையும் சர்க்கரைகளையும் ஏற்றிவிடுகின்றன. எனவே கார்பாக்சில் முனைக்குப் பக்கத்தில் நேரும் பழுது, பொதுவாக, கடுமையான நோயைத் தருகிறது.

நெல்லிக்காய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கிளைசின் இடத்தைக் கொடுக்கிறது; சுருளை நிலைநிறுத்துவது புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும். ஹைட்ராக்ஸிபுரோலின் மரபணுக் குறியீட்டில் கிடையாது. சங்கிலி தயாரான பிறகு, செல்லுக்குள்ளேயே ஒரு நொதி சில புரோலின்களின் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை ஒட்டுகிறது. அந்த நொதியின் நடுவில் ஓர் இரும்பு அயனி இருக்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளந்து, ஓர் அணுவைப் புரோலினுக்கும் மற்றதை இன்னொரு துணை மூலக்கூறுக்கும் கொடுக்கிறது. இடையில் சில சுற்றுகள் வீணாகும். அப்போது இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து முடங்கிவிடும். அதை மறுபடி வேலைக்குத் திருப்புவது வைட்டமின் சி.

வைட்டமின் சி இல்லாவிட்டால் நொதி ஓய்ந்துபோகும். ஹைட்ராக்சில் இல்லாத கொலாஜனின் முச்சுருள் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் அவிழ்ந்துவிடுகிறது. ஹைட்ராக்சில் உள்ளது 40 டிகிரி வரை தாங்குகிறது. நம் உடம்பு 37 டிகிரி. ஸ்கர்வி நோயில் ஈறு ரத்தம் கசிவதும், பல் ஆடுவதும், ஆறிய பழைய காயம் மீண்டும் பிளப்பதும் இந்த வித்தியாசத்தால்தான். 1747-ல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வித மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். சூப்புக்குக் கால் கொடுத்த ஆட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அது தன் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்தத் தயாரிப்பின் கடைசி நொதியை மனிதர்கள் பரிணாமத்தில் இழந்துவிட்டோம். அதனால்தான் நெல்லிக்காயும் கொய்யாவும் நமக்கு வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு ஆக்சிஜன் எப்படி ஏறக்குறைய 15 டிகிரியைக் கூட்டுகிறது? ஹைட்ராக்சில் தொகுதி தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு முச்சுருளைக் கட்டுகிறது என்பதுதான் நெடுநாள் விளக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரானல்ட் ரெய்ன்ஸ் குழு 1998-ல் இதை நேரடியாகச் சோதித்தது. ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் ஃபுளோரினை வைத்தார்கள். கரியோடு இணைந்த ஃபுளோரின் ஹைட்ரஜன் பிணைப்பு போடுவதில் மிக மந்தம். பழைய விளக்கம் சரியென்றால் சுருள் பலவீனமாக வேண்டும். நடந்தது நேர்மாறு. அசிட்டிக் அமிலக் கரைசலில், சாதாரணப் புரோலின் பெப்டைட் 41 டிகிரியில் அவிழ்ந்தது. ஹைட்ராக்ஸிபுரோலின் வைத்தது 69 டிகிரியில். ஃபுளோரின் வைத்தது 91 டிகிரியில்.

எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் அணு எதுவானாலும், அது புரோலின் வளையத்தை ஒரு குறிப்பிட்ட பக்கமாக மடங்க வைக்கிறது. அப்படி மடங்கியதும் ஃபை, சை கோணங்கள் முச்சுருளுக்குத் தேவையான இடத்துக்கு முன்கூட்டியே வந்து நின்றுவிடுகின்றன. முறுகும்போது சங்கிலி புதிதாக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர்ப் பாலங்கள் படிகத்தில் இருப்பது உண்மை, ஆனால் நிலைத்தன்மையின் பெரும்பங்கு இந்தக் கோண ஏற்பாட்டிலிருந்து வருகிறது. ராமச்சந்திரன் வரைபடத்தில் ஒரு தீவுக்குள் சங்கிலியை முன்னமே உட்காரவைக்கும் தந்திரம் இது.

குளிர்ந்த கடலில் வாழும் காட் மீனின் கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் குறைவு. அது 15 டிகிரி வாக்கிலேயே அவிழ்ந்துவிடும். அந்த மீனுக்கு அது போதும்.

கொலாஜன் பவுடர் விற்பவர்கள் சொல்லும் ஒன்றையும் இங்கே பேசிவிட வேண்டும். சாப்பிட்ட கொலாஜன் கொலாஜனாகவே தோலில் போய்ச் சேராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் வெட்டிவிடும். கூடவே, கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் கிடையாது. புரதத்துக்காக என்றால் பருப்பும் முட்டையும் அதைவிட மேல்.

செல்லுக்கு வெளியே

தனி மூலக்கூறு அப்படியொன்றும் பலசாலி இல்லை. மிக மெதுவாகச் சூடேற்றிப் பார்த்தால், முதல் வகைக் கொலாஜன் உடல் வெப்பத்தை ஒட்டியே அவிழத் தொடங்குகிறது என்று 2002-ல் தெரியவந்தது. பல மூலக்கூறுகள் கூடி இழையாகும்போதுதான் அது நிலைக்கிறது.

செல்லுக்குள்ளேயே பெரிய இழைகள் உருவாகிவிட்டால் செல்லுக்கு ஆபத்து. அதனால் இரண்டு முனைகளிலும் கூடுதல் துண்டுகளோடுதான் மூலக்கூறு வெளியே அனுப்பப்படுகிறது. வெளியே வந்ததும் நொதிகள் அந்தத் துண்டுகளை வெட்ட, மூலக்கூறுகள் தாமாகவே வரிசையில் சேர்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளதிலிருந்து 67 நானோமீட்டர் தள்ளி நிற்கிறது. மூலக்கூறின் நீளம் 67-இன் முழு மடங்காக அமையாததால், வரிசையில் ஒன்றின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையில் சிறு இடைவெளி விழுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கொலாஜன் இழை பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். எலும்பில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் வளரத் தொடங்கும் முக்கிய இடங்களில் ஒன்று அந்த இடைவெளி.

பிறகு, செம்பைக் கொண்ட ஒரு நொதி சில லைசின்களின் முனையை ஆல்டிஹைடாக மாற்றுகிறது. அது பக்கத்து மூலக்கூறின் லைசினோடு வினைபுரிந்து நிரந்தரமான குறுக்குப் பிணைப்பாகிறது. வயதாக ஆக, இந்தப் பிணைப்புகள் முதிர்ந்து, சூட்டுக்கும் அமிலத்துக்கும் அசையாதவையாகின்றன. இளம் ஆட்டுக்கறி குக்கரில் சீக்கிரம் வெந்து, முற்றிய ஆட்டுக்கறி விசில் மேல் விசில் கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தோல் தொழில் இதே வேலையைச் செயற்கையாகச் செய்கிறது. பச்சைத் தோலை வெந்நீரில் போட்டால் 60, 65 டிகிரியிலேயே சுருங்கிப்போகும், முச்சுருள்கள் அவிழ்கின்றன. பதனிடுவது என்றால் அந்த மூலக்கூறுகளுக்கிடையே புதிய கட்டுகளைப் போடுவது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. அவற்றில் உள்ள டேனின் மூலக்கூறுகள் நிறைய ஹைட்ராக்சில் கைகளோடு கொலாஜன் சங்கிலிகளுக்கிடையே புகுந்து பல இடங்களில் பிடித்துக்கொள்கின்றன. தோல் 80 டிகிரி வரை தாங்கும் அளவுக்கு வரும்.

குரோமியம் வேறு வழியில் போகிறது. ஆஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் தொகுதிகளை அது நேரடியாகப் பிடிக்கிறது. முதலில் தோலை அமிலத்தில் ஊறவைப்பார்கள். அப்போது கார்பாக்சில்கள் மின்னேற்றம் இழந்து சும்மா இருக்கும், குரோமியம் எங்கும் ஒட்டாமல் தோலின் நடு வரை ஊடுருவும். பிறகு மெல்லக் காரம் சேர்ப்பார்கள். கார்பாக்சில்கள் விழித்துக்கொண்டு குரோமியத்தைப் பற்றிக்கொள்ளும். சரியாகப் பதனிட்ட துண்டைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பது ஆலைகளில் வழக்கமான சோதனை. நல்ல குரோம் தோல் 100 டிகிரியையும் தாண்டி நிற்கும்.

வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் கழிவுநீரில் போகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் பாலாற்றுப் படுகையும் கிணறுகளும் தோல் கழிவால் கெட்ட கதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் மற்ற இடங்களிலும், குரோமியத்தைத் தோல் முழுவதுமாக உறிஞ்சச் செய்யும் முறைகளையும், அலுமினியம், சிர்க்கோனியம், டைட்டானியம் போன்ற மாற்று உலோகங்களையும் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அலுமினியம் பிடிக்கும், ஆனால் தண்ணீரில் அலசினால் கழன்றுவரும். சிர்க்கோனியம் தோலை விறைப்பாக்கிவிடும். மூலக்கூறுகளுக்கிடையே உள்ள அந்தக் குறுகிய இடத்தில் குரோமியம் அளவுக்கு உறுதியாகவும் நெகிழ்வாகவும் உட்காரும் உலோகம் இன்னும் தொழிலுக்குக் கிடைக்கவில்லை.